கிணற்றில் இறங்கியவனின் பெண்சாதி

கிண்ணியா
14.7.1975

அன்பு மகன் ஸஹாப்தீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் உன் பெண்சாதி நிஸாவும் பிள்ளை சுபைதாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், லண்டனில் உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், உன் மேல் எவ்வளவு வெறுப்பு வந்தாலும் அதை மட்டும் விட ஏலாது. வாப்பாவுக்கு இழுப்புக் குறைவு. துறையடியில் இந்தக் கிழமை பாரை மீன் மலிவு, ஆசைப்பட்டு வாங்கி ஆக்கினேன், ஆனால் வாயில் வைக்க ஏலாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து விட்டேன். மீனில் பிழை இல்லை மகன், அன்று காலையில்தான் உன் காயிதம் வந்தது.

அந்தக் காயிதத்தில், எனக்குள்ளே ஒரு இருட்டு இருக்கிறது, அதைத் தனியே இறங்கிப் பார்க்க வேணும், இனி நிஸாவோடு வாழ ஏலாது, நீங்கள் வாங்கித் தந்த நாவலைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், உங்களுக்கு விளங்கும் உம்மா என்று எழுதியிருக்கிறாய். எனக்கு விளங்க வேணும் என்று அலுமாரியில் கிடந்த மட்டை கிழிந்த என் புத்தகத்தை எடுத்து நானும் முதலிலிருந்து வாசித்தேன். தன் நிழல் எழுந்து போய் ஊரார் வீடுகளில் பாவம் செய்கிறதைக் கண்ட மனிதன் முற்றத்துக் கிணற்றில் இறங்குகிறான், அடியில் ஒரு கடல், அதில் அவனுடைய முகத்தோடேயே ஒரு மிருகம், வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டிக் கடைசியில் அதைக் கட்டிப் பிடித்து அழுகிறான், அவன் ஏறி வரும்போது பட்டுப்போன மாதுளை பூக்கிறது. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் குசினியில் இருந்து அந்த இடத்தை வாசித்துச் சோற்றைத் தீய விட்டவள் நான். இந்த முறை கண்ணில் பட்டது வேறு. கயிற்றின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் பெண்சாதி நிற்கிறாள், அத்தனை வருஷமும் நிற்கிறாள், கயிறு அவள் கையில் ஒட்டி வேர் விட்டு விட்டதாம். எவ்வளவு அழகு என்று முன்பு சொன்னேனே, சீ, என்ன அழகு அது! அவள் எப்போது சாப்பிட்டாள், ஆர் தண்ணீர் கொடுத்தார்கள், அதற்கு ஒரு வரி இல்லை. தொட்டிலில் விட்டுப் போன பிள்ளை அவன் ஏறி வரும்போதும் அதே தொட்டிலில் அதே வயதில் சிரிக்கிறது, அதுதான் அற்புதமாம். உன் பிள்ளைக்கு முன்பல் விழுந்து விட்டது, ஓதவும் போகிறாள். வாப்பா எங்கே என்று ஆரும் கேட்டால் போட்டோக்குள்ள இரிக்கார் என்கிறாள். புத்தகத்தை மூடி அலுமாரிக்கு மேலே எறிந்து விட்டேன், தொட்ட கையைக் கழுவவும் செய்தேன், சிரிப்பதென்றால் சிரி.

அதை விடக் குமட்டினது உன் காயிதத்தின் கடைசிப் பக்கம். நிஸாவை அவள் உம்மாவிடம் போகச் சொல்லுங்கள், நான் வந்து வீட்டை விற்கிறேன் என்கிறாய். ஆருடைய வீடு மகன்? இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்று உனக்குச் சொல்லித் தரவும் வேணுமா? அவள் வாப்பா கலீலுர் றஹ்மான் காக்கா தோப்பூர் வயலை விற்று மகளுக்குக் கட்டிய வீடு அது, கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு அங்கே போய் ஏறினவன் நீ. லண்டனில் கொஞ்ச வருஷம் இருந்ததும் பிறந்த ஊர் வழக்கமே மறந்து போயிற்று. நீ இறங்க ஒரு கிணறு வேணும், அதற்கும் அவளுடைய முற்றம்தான் வேணுமா? இருட்டு எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கெல்லாம் சோறு ஆக்கினேன்.

ஆனாலும் நீ சொன்னதைச் சொல்லத்தான் நிஸாவிடம் போனனான். போய்க் கதிரையில் இருந்தனான். எனக்கும் காயிதம் வந்திச்சு மாமி, நீங்க சொல்ல வாணாம் என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. பெருநாள் கழியக் காதியாரிடம் போய் உன்னிடமிருந்து விடுதலை கேட்கப் போகிறாளாம், சாட்சி வேணுமாம், மாப்பிள்ளை பகுதியைப் பகைத்துக்கொண்டு ஆர் வருவாங்க மாமி என்று கேட்டாள். நான் வாறன் என்று சொல்லி விட்டேன். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன், அவர் தானும் வருவதாகச் சொன்னார்.

குளிருக்கு நெஞ்சை மூடிக்கொண்டு படு, இருமல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி, தொழுகையை விடாதே. நோன்புப் பெருநாளுக்கு முதல் நீ வந்து அவள் வாசலில் நின்றால் அவள் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது, திற என்று நான் சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன். நீ வராவிட்டால் நான் காதியார் முன்னால் போய் நிற்பேன். நீ என் மகன் என்று முதலில் சொல்வேன், அதற்குப் பிறகு உள்ளதை எல்லாம் சொல்வேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன்னைப் பெற்ற உம்மா,
உம்மு குல்சும்