நல்ல ரத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய்யாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அத்தையின் போனுக்கு நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். 'ரத்தத்துல அந்த நம்பர் இறங்கிடுச்சுன்னா நான் லீவு போட வேண்டாம்ல?' என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு நம்பர் இறங்கிவிட்டது. ஆனாலும் நீங்கள் லீவு போட வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் எனக்கு 'ம்', 'சரி' இரண்டைத் தவிர வேறெதுவும் வாயில் வராது. அத்தை வேறு பக்கத்திலேயே நிற்பார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில்தான் காய்ச்சல் வந்தது. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்தக் காய்ச்சலில் சிலருடைய உடம்பு கிருமியைக் கண்டு மிரண்டுபோய், அதை அடிக்கிறேன் என்று சொந்த நுரையீரலையும் சேர்த்து அடித்துவிடுமாம். அப்படி மிரளப்போகும் உடம்பு எது என்று ரத்தத்தில் ஒரு அளவைப் பார்த்தால் முன்கூட்டியே ஓரளவு தெரியுமாம். எனக்கு அந்த அளவு ஏகத்துக்கும் இருந்தது. அம்மாவுக்குக் குறைவு. 'இது இன்னைக்கு நிலவரம்தான். ஏறலாம், இறங்கலாம். நாளன்னைக்கு ரெண்டு பேருமே மறுபடி வந்து ரத்தம் குடுக்கணும்' என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்.

அத்தை காதில் பாதிதான் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்களைக் கூப்பிட்டு, 'தம்பி, புள்ளைக்குத்தான் பயமாம். உன் பொண்டாட்டிக்கு நல்ல ரத்தம், அவளை ஒண்ணும் பண்ணாதாம்' என்று சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். 'அப்ப சரி, அவ பாத்துக்குவா' என்று நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்டது. அவளுக்கும் அப்போது காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது அப்பா.

அன்றிலிருந்து வீட்டில் நான் கண்ணாடிச் சாமான், அம்மா இரும்புச் சாமான். ஃபேன் என் பக்கம். மெத்தை எனக்கு. பழச்சாறு எனக்கு. நான் வாந்தி எடுத்த போர்வையை அலசியது அம்மா. மோட்டார் ரிப்பேர் என்று கீழே குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஏற்றியதும் அம்மாதான். ஒருமுறை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். 'நல்ல ரத்தத்தை வச்சுக்கிட்டு உனக்கென்ன இப்படி மூச்சு வாங்குது?' என்று அத்தை சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அத்தை கெட்டவர் இல்லை. எனக்காக ராப்பகலாக அழுதவர். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். அந்த அழுகையில் அம்மாவுக்கென்று ஒரு சொட்டுகூட இல்லை.

காய்ச்சல் இருக்கிறதா என்று அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். என் நெற்றியைவிட அவள் கைதான் சுட்டது. 'உனக்குத்தாம்மா கொதிக்குது' என்றேன். 'அடுப்புகிட்ட நின்ன சூடுடி, பேசாம படு' என்று சொல்லிப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்க அத்தை என்னை மட்டும்தான் கூட்டிப்போனார். அம்மா எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். 'அவளும் வந்துட்டா வீட்டை யாரு பாக்கிறது டாக்டர்? அவளுக்குத்தான் நல்லா வந்துருச்சே' என்றார் அத்தை. 'நல்லா வந்திருக்குன்னு நான் எப்பங்க சொன்னேன்? சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க' என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். ஆனால் எனக்கு நம்பர் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைத் தெரு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் போய்விட்டது. நான் ஞாபகப்படுத்தினேன். 'இந்த ஊமைக்கோட்டானுக்கும் வாய் வந்துருச்சே!' என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அம்மா குழாயடியில் விழுந்தாள். உதடு நீலமாக இருந்தது. கீழ்வீட்டு டிரைவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்போது எடுத்த ரத்தத்தில் அம்மாவின் அளவு, எனக்கு முதலில் வந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது.

'ரத்தம் பொய் சொல்லிடுச்சு' என்று அத்தை எல்லோரிடமும் சொல்கிறார். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ரத்தம் பொய் சொல்லவில்லை அப்பா. அன்றைக்கு உள்ளதை அன்றைக்குச் சொன்னது. நமக்கு வேண்டிய பதில் வந்ததும் நாம்தான் அதற்குமேல் கேட்காமல் நிறுத்திக்கொண்டோம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்பது அத்தைக்கும் வசதி, எனக்கும் வசதி. நீங்கள் அங்கே பாலம் கட்டும் இடத்தில் நிம்மதியாகத் தூங்குவதற்கும் அதுதான் வசதி.

இப்போது அம்மாவுக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்களாம், ஆனால் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாதாம். அத்தையோ போர்வை எல்லாவற்றையும் குளியலறை மூலையில் குவித்து வைத்திருக்கிறார். அம்மா வந்து துவைப்பாளாம். 'நம்பர்தான் இறங்கிடுச்சே' என்கிறார். நீங்கள் கேட்டதும் அதே வார்த்தைதான். நேற்று எல்லாவற்றையும் நானே துவைத்துப் போட்டேன். தையல் கடை அக்காவிடம் சொல்லி நானும் லீவு வாங்கிவிட்டேன். ஆனால் அத்தை வேலை சொன்னால் அம்மா எழுந்துவிடுவாள். நான் தடுத்தால் நிற்கமாட்டாள். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர் நீங்கள். போனில் சொன்னால் அத்தை அழுவார், நீங்களும் 'சரிக்கா, சரிக்கா' என்று வைத்துவிடுவீர்கள். நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்களை அலைய வைக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. நான் எழுதமாட்டேன்.

லீவு கேளுங்கள். இல்லை என்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். அம்மாவுக்காக நீங்கள் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

வரும் வழியில் கூட்டத்தில் நிற்காதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்படியே காய்ச்சலோடு வந்து இறங்கினாலும் உங்களை நான் பார்த்துக்கொள்வேன். அம்மாவை எழுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மகள்