எட்டு நாள் வாரம்

ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பதினாறு வாரம். அட்டவணை இணைத்திருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு முதல் எட்டு வரை கணக்கு. செவ்வாய், வியாழன் அதே நேரம் இயற்பியல். ஞாயிறு முழு மாதிரித் தேர்வு. முடித்ததும் கட்டத்தில் டிக் போட்டு அனுப்புங்கள்.

வயது வரம்புப்படி உங்களுக்கு இதுதான் கடைசி வருடம். சீட் கிடைத்தால்தான் பம்ப் ஹவுஸ் ஷிப்டை விட்டுப் பகல் வேலைக்கு மாற்றுவார்கள். சாக்குப்போக்கு வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மகன்


பிப்ரவரி 3

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "வேலையில லிஃப்டுக்கு சர்வீஸ் போடுற மாதிரியே போட்டிருக்கானே, உங்களுக்கு எண்ணெய் எந்தக் கிழமை ஊத்தணுமாம்?" என்கிறாள். அட்டவணையை வேலை பார்க்கும் அறையில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கூட இருப்பவர்கள் "என்ன காலேஜு சார், பரீட்சை எப்ப?" என்று கிண்டல் செய்கிறார்கள். இயற்பியல் பரவாயில்லை. திரிகோணவியல்தான் தண்ணி காட்டுகிறது. டிக் போட்ட தாளின் நகல் இதோடு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை நீ எழுதுவதே இல்லை.

இப்படிக்கு,
அப்பா


பிப்ரவரி 9

அப்பாவுக்கு,

நான்கு வாரம், இருபத்து நான்கு கட்டம், ஒன்பது டிக். ஒரு ஞாயிறுகூட இல்லை. என் கீழே வேலை பழகுகிறவன் இப்படி ரிப்போர்ட் கொடுத்தால் திருப்பி முகத்தில் எறிவேன். அம்மாவின் கிண்டல் வேண்டாம், காரணம் வேண்டும். ஒரு வரி போதும்.

மகன்


பிப்ரவரி 16

அன்பு மகனுக்கு,

ஒரு வரியில் அடங்காது. எனக்கு வாரத்துக்கு எட்டு நாள். இரண்டு நாள் காலை ஷிப்ட், இரண்டு மதியம், இரண்டு இரவு, இரண்டு ஓய்வு. மோட்டாருக்கு ஞாயிறு ஏது? எட்டு ஞாயிறில் இரண்டுதான் எனக்கு. நீ சொல்லும் ஆறு மணிக்குப் பாதி நாள் வேலையில் ஏறிக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருப்பேன்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஆசையாகப் போட்டு அனுப்பியிருக்கிறாயே என்று ஆறு வாரம் அதன்படியே ஓட்டிப் பார்த்தேன். இப்போது எட்டுக் கட்டம் போட்டு நானே ஒன்று எழுதிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பா


ஜூன் 4

அன்பு மகனுக்கு,

பிப்ரவரிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவு வந்துவிட்டது. நாலு மார்க்கில் போயிற்று. தேர்வு அறையில் என்னை மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து நின்றாள். மற்றபடி ஒன்றுமில்லை. நாளை முதல் இரவு ஷிப்ட்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பிப்ரவரியிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். நான்கு முறை ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் புது அட்டவணையாக வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

ஆறு வாரம் என் தாளால் வீணானது. நாலு மார்க் அதற்குள் இருந்தது. தப்பு என்னுடையது, சமாதானம் சொல்ல வேண்டாம்.

இந்த மாதம் நாலு நாள் லீவு தருகிறார்கள். எந்தத் தேதி என்று நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. எப்போது வந்தால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்?

உங்கள் மகன்