பேனாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

அவருக்குக் கால் சுண்டுவிரல் இடுக்கில் அரிக்கிறதாம். கார் கழுவும் இடத்தில் நாள் முழுக்க ஈர ரப்பர் பூட்ஸோடு நின்றால் அரிக்காமல் என்ன செய்யும்? "பவுடர் போடுங்க" என்றேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இன்று புதுச் சரக்கு இறங்கிய நாள். எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

மார்ச் 8

இடுக்கில் தோல் வெடித்திருக்கிறதாம். "சொறியாதீங்கன்னா கேட்டாத்தானே!"

மார்ச் 10, திங்கள்

காலையில் பல் கிடுகிடுக்க, "குளிருது, குளிருது" என்றார். போர்வையை விலக்கினேன். ஐயோ — கணுக்காலிலிருந்து முழங்கால்வரை செக்கச்செவேலென்று வீங்கி, தொட்ட கை சுட்டது. நேற்றுகூட வேலைக்குப் போய் வந்த மனுஷன்!

டாக்டரம்மா முதலில் விரல்களைத்தான் விரித்துப் பார்த்தார். "இதோ, இது வழியாத்தான் நுழைஞ்சிருக்கு." நகக்கீறல் அளவு வெடிப்பு. இதுவா? இவ்வளவுதானா?

"இந்தக் கிருமி சாதாரணமாவே நிறைய பேர் தோல்மேல இருக்கிறதுதாம்மா. தோல் முழுசா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஈரத்துல ஊறி ஒரு வெடிப்பு விட்டா உள்ள பூந்துடும்."

சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். "இதைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க."

மதியமே தாண்டிவிட்டது. இரண்டு விரல் அகலம். என் கண்ணெதிரே. உடனே கூப்பிட்டேன்; ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 11

நாத்தனார் வந்தாள். "மருந்துக்கடையில நிக்கிறவ, கட்டின புருஷன் காலைப் பாக்கலியா?" சேற்றுப்புண் களிம்பு என் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில் இருக்கிறது. எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்! இவருக்கு எடுத்து வரத் தோன்றவில்லையே. ஏன்?

மார்ச் 12

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே விடவில்லை. எழுத முடியலை.

மார்ச் 14

காலில் சிவப்பு, பேனாக் கோட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்டியா?"

இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மார்ச் 27

வீட்டுக்கு வந்து நான்கு நாள். இன்று மாடிப்படி ஏறிப் பார்க்கிறேன் என்றார். ஒன்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர் பையோடு வந்து நின்றார். "கொஞ்சம் சுத்திப் போயிடுங்க சார்" என்றார் இவர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

படியை எப்படிச் சுற்றிப் போவதாம்? சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றும் அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை.