கருமாதி முடிந்தபின் வந்தவருக்கு

அப்பா,

இன்று ஆடி அமாவாசை. திருவையாற்றுப் படித்துறைக்குக் கிளம்பும்போது தம்பி எள்ளுப் பொட்டலம் இரண்டை மேசைமேல் வைத்தான். "ஒண்ணு அப்பாவுக்கு. இன்னொண்ணு சித்தப்பாவுக்கு, அக்கா. எத்தனை வருஷந்தான் இழுத்துக்கிட்டே போறது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, உங்கள்மேல்.

நீங்களும் உங்கள் தம்பியும் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனீர்கள். அங்கிருந்து சப்பான்காரன் உங்களைச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஓட்டிப்போனான். பெயர் போய் வெறும் எண் ஆனீர்கள். சித்தப்பா காய்ச்சலில் விழுந்தார். உங்களை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை முடிந்ததும் உங்களுக்கு முன்னால் கப்பலேறி வந்த யாரோ ஒருவர், "மூத்தவன் போயிட்டான்" என்று ஆள் மாற்றிச் சொல்ல, உங்கள் வீட்டார் உங்களுக்குக் கருமாதியே செய்துவிட்டார்கள்.

பிறகு நீங்கள் வந்து நின்றீர்கள், எலும்பும் தோலுமாக. கட்டிப்பிடித்து அழ வேண்டாமா? வாசலிலேயே நிறுத்தி, மொட்டையடித்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் காதில் வேறொரு பெயரை மூன்று முறை சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். கருமாதி கண்ட பெயர் வீட்டுக்கு ஆகாதாம். தூ!

"அங்க நம்பரச் சொல்லிக் கூப்ட்டான், போனேன். இங்க வேற யார் பேரயோ சொல்லிக் கூப்புடுறாங்க, அதுக்கும் போறேன் பாப்பா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். வயலில் யாராவது அழைத்தால் சற்றுப் பொறுத்தே திரும்புவீர்கள். காது மந்தம் என்று ஊர் நினைத்தது.

சித்தப்பாவுக்கும் கருமாதி செய்துவிடலாம் என்றபோது மட்டும் நீங்கள் அசையவே இல்லை. "வருவான். நான் வரலையா?" அவ்வளவுதான் பேச்சு. வீட்டை இடித்துக் கட்டவும் விடவில்லை. அவர் வந்தால் வீடு அடையாளம் தெரியாதாம். ஒழுகுகிற கூரையின் கீழ் அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். உங்கள் நம்பிக்கை அவளைத்தான் தின்றது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படித்துறையில் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. "அடுத்து யாருக்குங்க?" என்றார் அய்யர். தம்பி வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "வேற யாருக்கும் இல்லைங்க" என்றேன்.

படியேறும்போது அவன் பொரிந்தான். "ஏங்கா, நூறு வயசுல வந்து நிக்கப்போறாராக்கும்?"

வரமாட்டார். எனக்கென்ன பைத்தியமா?

"ஒருவேளை வந்து நின்னா, அவரு பேராவது அவருக்கு இருக்கட்டும்டா" என்றேன்.