ஆன்டிபாடி சேர்க்காத குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் சௌக்கியம்.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஆன்டிபாடியைச் சோதிக்கிறோம். அது ரத்தத் தட்டணுக்களின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, அவற்றைக் கூட்டம் சேரவிடாது. போன வாரம் சோதனைக்கு நானே கொஞ்சம் ரத்தம் கொடுத்தேன். பயப்படாதே, எறும்புக்கடிதான். ஆனால் ஆன்டிபாடி சேர்க்காத குழாயிலும் தட்டணுக்கள் சேராமல் சும்மா கிடந்தன! நான் திருதிருவென்று விழித்தேன். எங்கள் குழுவின் மூத்த அக்கா என்னையே பார்த்தார்.

"ஆஸ்பிரின் போட்டியா?"

"தலைவலிக்குத்தான் அக்கா..."

ஆஸ்பிரின் போட்டால் சில நாளைக்குத் தட்டணுக்கள் சரியாகக் கூட்டம் சேராது அம்மா. ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே என் வேலை. என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. திட்டு விழப்போகிறது என்று நின்றேன்.

"சோதனை கிடக்கட்டும். எத்தனை நாளா வலிக்குது? ஏன் சொல்லல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி போட்டபின் வலி போயே போச்சு. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

யாராவது இங்கே வந்தால் உன் தைலப் புட்டியைக் கொடுத்தனுப்பு. தேய்க்க இல்லை, மோந்து பார்க்க. அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

நீ என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். இங்கே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

உன் மகள்