படத்தில் பேசும் சாலிஹ்

ஏறாவூர்.

மதிப்புக்குரிய உதயரூபன் சேருக்கு,

லண்டனில் நீங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டும். நான் மீன்பிடிக்கிற சாலிஹின் மனைவி றஸீனா. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இவர் மௌத்தாகி இரண்டு மாதமாகிறது. போன கிழமை உங்கள் படவேலை பார்க்கிற வதனி தங்கச்சி, கமராக்காரர்களோடு வந்தா. புதுப் படத்துக்கு நான் வாவிக்கரையில் நின்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம். நான் இத்தா இருக்கிறேன் சேர். புருஷன் போனால், காலம் முடியும்வரை பிற ஆண்கள் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருப்பது எங்கள் முறை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சொன்னேன். கொஞ்ச நேரம் போதும் என்றார்கள். வந்த கோபத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டேன். அந்தப் பிள்ளை மனதில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் தோணி போனபோது புதுத் தோணி தந்தது உங்கள் அறக்கட்டளைதான். பிறகு றால் வளர்க்கிற பண்ணையில் பணம் போட்டீர்கள். லாபமும் வரும், ஏழைகளும் நன்றாயிருப்பார்கள் என்று எங்கள் முற்றத்தில் இருந்துதான் சொன்னீர்கள். தோணி தந்த மனிதர் பொய் சொல்வாரா என்று நம்பி, பண்ணைக்காக நீங்கள் எடுத்த முதல் படத்தில் இவரும், "பண்ணை வந்தா எங்கட ஆக்களுக்கு நல்லந்தான்" என்று பேசினார்.

பண்ணைக் கழிவுத் தண்ணீரை வாவிக்குள் திறந்துவிட்டார்கள். மீன் செத்து மிதந்தது. இவர் போய்க் கேட்டார். லண்டனுக்கு அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவித்தார்களோ என்னவோ. வாவியில் மீன் ஒன்றும் படாமல், அந்தச் சின்னத் தோணியை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் கொண்டுபோனார். தோணி கவிழ்ந்து, மையித்தாய்த்தான் கரை ஒதுங்கினார்.

இப்போது ஓட்டமாவடிப் பக்கம் இரண்டாவது பண்ணை போடுவதற்கு அதே படத்தைக் காட்டுகிறார்களாம். அடக்கம் செய்த பிறகும் இவர் நல்லம் நல்லம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்குள்ள மீன்காரர்கள் நம்பிவிடுவார்கள் சேர். இவர் பேச்சு அப்படி.

இவர் பேசுகிற இடத்தைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள். இன்னொரு பெண் என்னைப்போல் வீட்டுக்குள் இருக்க வேண்டாம். உங்களிடம் வேறு உதவி கேட்கவில்லை.

இல்லை, ஒன்று கேட்கிறேன். வெட்டியதை அழித்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள். இவருடைய போனும் கடலோடு போய்விட்டது. மகள் அம்னாவுக்கு வாப்பாவின் குரலைக் கேட்க எங்களிடம் வேறொன்றும் இல்லை.

ஆண்டவன் உங்கள் பிள்ளைகளுக்கு உங்களை நெடுங்காலம் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சா. றஸீனா