நீ தூங்கிய பத்திகள்

இன்று காலை கம்பெனி வேனில் உன் இடத்தில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டியதும் குமட்டலுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தாள். நீ தினமும் முகரும் அந்த வாசனை பட்டதும் உன் பெயர் வாய்வரைக்கும் வந்துவிட்டது. என்ன என்பதுபோல அவள் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன் நிறைய ஆட்கள் இருந்தும் நீ போனபின் நான் தனியாகத்தான் போய்வருகிறேன்.

சிவகாசியில் அந்தக் காலண்டர் கம்பெனியில் ஒரே மேசையில் நின்று தாள் அடுக்கினோம். நான் கதை எழுதுவது உன் ஒருத்திக்குத்தான் தெரியும். சாயங்காலம் திரும்பும்போது உனக்கு மட்டும் கேட்கும்படி வாசிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். முதல் தடவை பாதியிலேயே குறட்டை வந்தது. எனக்கு வந்த கோபத்தில் நறுக்கென்று கிள்ளிவிட்டேன்.

"ஏண்டி கிள்ளுற? கதையில பிள்ளைக்குக் காச்சல்னு சொன்னவரைக்கும் முழிச்சுத்தான இருந்தேன். பெறகு வானம் செவந்துச்சு, காத்து வந்துச்சுன்னு இழுத்த பாரு, அங்கன கண்ணு சொருகிருச்சு. காச்சல் விட்டுச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லு."

வீட்டுக்குப் போய் வீம்புக்கு அந்தப் பத்தியைப் படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அதை முழுக்க அடித்துவிட்டேன்.

அதன்பிறகு தாளைவிட உன் முகத்தைத்தான் அதிகம் பார்த்து வாசித்தேன். நீ தூங்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். காலண்டர் வேலை குவியும் சீசன் நேரத்தில் மட்டும் முதல் வரியிலேயே தூங்கிவிடுவாய். "அது உன் கதைக்கு இல்லடி, என் இடுப்பு வலிக்கு" என்று நீயே சமாதானமும் சொல்வாய்.

முதல் கதை அச்சில் வந்த அன்று சேவுப் பொட்டலம் வாங்கி வேனில் எல்லாருக்கும் கொடுத்தாய். "எங்க ஆளு எழுதுனது, சும்மாவா!" என்றாய். அதுவரை அதை நான் எழுதினேன் என்று வாய்விட்டு நானே சொன்னதில்லை.

பிறகு காய்ச்சலென்று படுத்தாய். எழவே இல்லை. எனக்கும் கதை நின்றுபோயிற்று. எழுதுவேன், ஆனால் எது நன்றாயிருக்கிறது, எது இழுக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். யாருக்கும் அனுப்பத் துணிவில்லை.

போன வாரம் ஒரு பத்திரிகையில் கதை கேட்டிருந்தார்கள். உன்னைப் பற்றித்தான் எழுதினேன். இன்று திரும்பி வரும்போது வேனிலேயே உதடு மட்டும் அசைய வாசித்துப் பார்த்தேன். 'பொறுமையின் வடிவம்' என்று உன்னை எழுதியிருந்தேன். உனக்கு ஏது பொறுமை? டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தால் அவர் பரம்பரையையே இழுப்பாயே! அந்த இடத்தில் நீ நிச்சயம் தூங்கியிருப்பாய். அடித்தேன். இன்னும் இரண்டு இடம் தட்டுப்பட்டது. அவற்றையும் அடித்தேன். யாரிடமும் கேட்காமல் பென்சில் தானாகப் போனது எனக்கே ஆச்சரியம்தான்.

கடைசியில் ஒரு பத்தி மிஞ்சியது. கரிசல் காட்டுக்கு மேலே சாயங்கால வானம் சிவப்பதைப் பற்றி. "இது வேண்டாம்டி" என்றுதான் சொல்வாய். முதல் தடவையாக உன் பேச்சைக் கேட்கவில்லை. அதை அப்படியே வைத்து, வீட்டுக்குப் போகும் வழியில் கதையைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அந்தப் பத்தி வந்ததும் உனக்குக் கண் சொருகும். உன் தலை என் தோளில் வந்து விழும். உன் ஊர் வரும்வரை நான் எழுப்பமாட்டேன்.